ஒரு தெரு யார் பணத்தில் போடப்படுகிறது? சென்னை, மதுரைக் கணக்குகள்

சென்னையில் ஒரு சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தால் முதலில் கேட்க வேண்டியது, அது யாருடைய சாலை என்பதைத்தான். அண்ணா சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. மாநகராட்சியின் பொறுப்பில் இருப்பவை இரண்டு வகை. பேருந்து தடச் சாலைகள் சுமார் 387 கிலோமீட்டர். உட்புறச் சாலைகள் சுமார் 5,270 கிலோமீட்டர். அதாவது மாநகராட்சிச் சாலைகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல், பெயர்ப்பலகை மட்டுமே உள்ள சாதாரணத் தெருக்கள். மெட்ரோவுக்கும் மேம்பாலத்துக்கும் கடன் கொடுக்க உலகெங்கும் ஆள் உண்டு. இந்தத் தெருக்களுக்குக் கடன் கொடுக்க வருபவர் அரிது. ஏன் என்று பார்த்தாலே நகர நிதியின் பாதிக் கதை புரிந்துவிடும்.

கடன், முதலீட்டாளர்களிடம் விற்கும் கடன் பத்திரம், மானியம், திட்டம், டோல் என்று பெயர்கள் பல. ஆனால் ஒரு சாலைக்கான பணம் கடைசியில் இரண்டு பேரிடமிருந்துதான் வருகிறது: வரி கட்டுபவர், அல்லது அந்தச் சாலையில் போகிறவர். கடனும் பத்திரமும் அவர்கள் எப்போது கட்டுகிறார்கள் என்பதை மட்டுமே மாற்றுகின்றன. எந்த வேலைக்கு யார் கட்ட வேண்டும் என்பது சரியாகப் பொருந்திய இடங்களில் திட்டங்கள் நடந்திருக்கின்றன. பொருந்தாத இடங்களில் இழுபறிதான்.

பையில் இருக்கும் பணம்

மாநகராட்சியின் சொந்த வருமானத்தில் பெரியது சொத்து வரி. அரையாண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும் இரண்டு தவணைகள். அந்தந்த மாத இறுதிக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. அடுத்து தொழில் வரி. இதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 276ஆவது பிரிவே உச்சவரம்பு போட்டிருக்கிறது. அந்த வரம்பு 1988இல் வைத்தது. அதற்குப் பிறகு சம்பளங்கள் எங்கேயோ போய்விட்டன. வரம்பு அங்கேயே நிற்கிறது.

இவை தவிர, ஊருக்குள் ஒரு வீடோ மனையோ கைமாறும்போது பத்திரப் பதிவில் கட்டும் 7 சதவீதத்தில் 5 சதவீதம்தான் முத்திரைத் தீர்வை. மீதி 2 சதவீதம் உள்ளாட்சிக்குச் சேர வேண்டிய கூடுதல் தீர்வை. வீடு வாங்கும் பலருக்கு இது தெரியாது. மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை மாநில நிதிக்குழுவின் பரிந்துரைப்படி ஊரக, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. 1992இன் 73, 74ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள் உருவாக்கிய ஏற்பாடு இது. பகிர்வு நிதி என்று நகராட்சி அலுவலகங்களில் பேசிக்கொள்வது இதைத்தான்.

ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியம் வேறு கதை. 15ஆவது நிதிக்குழு (2021–26), பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரப் பகுதிகளுக்கு ஒதுக்கிய பணத்தைக் காற்றின் தரத்துக்கும், குடிநீர், கழிவுநீர், திடக்கழிவுக்கும் என்று கட்டிப்போட்டுவிட்டது. இதை எடுத்துத் தெருவுக்குத் தார் போட முடியாது. சாலையோரப் புழுதியைக் குறைக்கத் தளம் போடுகிறோம் என்று காற்றின் தரக் கணக்கில் கொஞ்சம் நுழைக்கலாம், அவ்வளவுதான். சிறிய ஊர்களுக்கு அந்த நிதிக்குழு தந்ததில் 40 சதவீதம் கட்டற்ற பணம், 60 சதவீதம் கட்டுள்ளது.

ஆக, ‘மாநகராட்சியிடம் கோடிக்கணக்கில் பணம் இருக்கிறதே’ என்பது பாதி உண்மை. ஒவ்வொரு ரூபாயிலும் அது எதற்கு என்று எழுதியிருக்கிறது. சம்பளம், ஓய்வூதியம், குப்பை, தெருவிளக்கு எல்லாம் போக உட்புறச் சாலைக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் எடுக்கக்கூடியது சொத்து வரியும் பகிர்வு நிதியும்தான்.

24 ஆண்டுகள் நின்ற வரி

அந்தச் சொத்து வரிக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். சென்னையில் பொதுச் சீராய்வு நடந்தது 1998இல். மற்ற நகராட்சிகள், மாநகராட்சிகளில் 2008இல். 2018இல் உயர்த்தினார்கள், உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னால், 2019 நவம்பரில், நிறுத்திவைத்தார்கள். கடைசியில் 2022 ஏப்ரலில்தான் உயர்வு வந்தது. பழைய சென்னை எல்லைக்குள் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம்.

‘150 சதவீதமா!’ என்று ஊரே அதிர்ந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். ஆண்டுக்கு 6 சதவீத விலையேற்றம் என்று வைத்துக்கொண்டால் 24 ஆண்டில் விலைகள் ஏறக்குறைய 4 மடங்காகும். மிக அதிக உயர்வு விழுந்த பெரிய வீடே கட்டுவது பழைய வரியின் இரண்டரை மடங்கு. சிறிய வீடு ஒன்றரை மடங்கு. அதாவது அதிர்ச்சியூட்டிய உயர்வுக்குப் பிறகும், ஒரே வீட்டிலிருந்து வரும் வரியால் வாங்கக்கூடிய தாரும் ஜல்லியும் 1998இல் வாங்கியதைவிடக் குறைவு. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது.

2022இல் அரசுக்குத் திடீரென்று துணிச்சல் வரவில்லை. 15ஆவது நிதிக்குழு ஒரு நிபந்தனை வைத்திருந்தது: சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், மாநில உற்பத்தி வளரும் வேகத்துக்கு ஏற்ப வசூலும் வளர வேண்டும், இல்லாவிட்டால் மானியம் கிடையாது. வரியை ஏற்றாத நகரம் தன் வரியை மட்டும் இழப்பதில்லை, மானியத்தையும் சேர்த்து இழக்கும் என்ற நிலை. இப்போது ஆண்டுதோறும் 6 சதவீத உயர்வு என்ற ஏற்பாடு வந்திருப்பதும் அதன் தொடர்ச்சிதான். என் பார்வையில், கசப்பாக இருந்தாலும் இதுதான் நாணயமான வழி.

கடன்: மதுரை காட்டிய வழி

வரிப் பணம் போதாதபோது கடன். 1988இல் உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாட்டில் நகராட்சிகளுக்குக் கடன் கொடுக்க ஒரு நிதியம் தொடங்கப்பட்டது. 1996இல் அது தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமாக மாறி, தனியார் நிதி நிறுவனங்களும் பங்கேற்கும் அறக்கட்டளையாயிற்று. நகராட்சிக்கு யாரும் கடன் தராத காலத்தில் இது பெரிய விஷயம்.

இந்த நிதியத்தின் கடனில் போடப்பட்டதுதான் மதுரை உள்வட்டச் சாலை. மேலூர் ரோட்டில் உத்தங்குடியில் தொடங்கித் திருமங்கலம் ரோட்டில் கப்பலூர் வரை சுமார் 27 கிலோமீட்டர். திருச்சிப் பக்கமிருந்து திருநெல்வேலிக்குப் போகும் லாரி, மதுரை ஊருக்குள் நுழையாமல் சுற்றிப் போகலாம். டீசலும் நேரமும் மிச்சம் என்பதால் டோல் கட்ட லாரிக்காரருக்குக் காரணம் இருந்தது. அந்த டோலை வசூலித்தது மாநகராட்சி. 2001இல் அந்த வசூலையே அடகாக வைத்து, மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமல், 12.25 சதவீத வட்டியில் பத்திரம் வெளியிட்டு, அதிக வட்டியில் வாங்கிய பழைய கடனை மாநகராட்சி அடைத்தது. டோல் பணம் நேராகத் தனிக் கணக்கில் விழும். முதலீட்டாளரின் தவணையை எடுத்து வைத்த பிறகே மீதி மாநகராட்சியின் கைக்கு வரும். கடன் கொடுத்தவருக்கு நம்பிக்கை தந்தது இந்தத் தனிக் கணக்குதான்.

இந்த ஏற்பாடு ஏன் நடந்தது? பயன்படுத்துபவர் யாரென்று எண்ணிக் காட்ட முடிந்தது. அவரை நிறுத்திப் பணம் வாங்க முடிந்தது. அவர் பெரும்பாலும் மதுரைக்காரர் இல்லை என்பதால் கவுன்சிலர்களுக்கும் தலைவலி இல்லை. இந்த மூன்றும் சேர்வது அபூர்வம்.

சிறிய ஊர்களால் தனியாகப் பத்திரம் வெளியிட முடியாது. தரமதிப்பீடு (கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்கு ஒரு நிறுவனம் போடும் மதிப்பெண்), வழக்கறிஞர், பதிவு எனச் செலவு, திரட்டும் தொகை சிறிதானாலும் பெரிதானாலும் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் 2003 வாக்கில் 13 ஊர்களின் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களை ஒன்றாக மூட்டை கட்டி, 30.41 கோடி ரூபாய்க்கு 15 ஆண்டுக் கூட்டுப் பத்திரம் விட்டார்கள். வட்டி 9.20 சதவீதம். ஒரு நகராட்சி தவணை தவறினால் அதன் பகிர்வு நிதியிலிருந்து மாநில அரசே பிடித்துக் கொடுக்கும். அதற்கும் மேலே அசலில் பாதிக்கு அமெரிக்க உதவி முகமையின் உத்தரவாதம். பகிர்வு நிதியில் கைவைக்கும் இந்த முறை இன்றும் நகராட்சிக் கடன்களின் முதுகெலும்பு. நகராட்சி ஆணையர்கள் புலம்புவதும் இதைப் பற்றித்தான்: ஒதுக்கீட்டு ஆணையில் ஒரு தொகை இருக்கும், கடன் தவணைப் பிடித்தம் போகக் கணக்கில் வருவது வேறு தொகையாக இருக்கும்.

சென்னையை ஒட்டி அப்போது தனி நகராட்சியாக இருந்த ஆலந்தூர் இன்னொரு வழியில் போனது. 1990களின் கடைசியில், பாதாளச் சாக்கடைக்காக நகராட்சி ஒவ்வொரு வீட்டிடமும் 5,000 ரூபாய், வணிகக் கட்டடங்களிடம் 10,000 ரூபாய் முன்கூட்டியே வைப்புத்தொகை வாங்கியது. அப்போது அது சிறிய தொகை இல்லை. பொதுக்கூட்டங்கள் போட்டு, தெருத்தெருவாக விளக்கி வாங்கினார்கள். மீதிக்குக் கடன், சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி இயக்கும் ஒப்பந்தம். வீட்டுக்கு இணைப்பு வருவது கண்ணுக்குத் தெரியும் என்பதால் மக்கள் கட்டினார்கள். இதே மக்களிடம் ‘தெருவுக்குத் தார் போட 5,000 கொடுங்கள்’ என்றால் கொடுக்கமாட்டார்கள். கொடுக்காதவரும் அந்தத் தெருவில்தானே நடப்பார்!

சென்னையின் 200 கோடி

2025 மே மாதம் சென்னை மாநகராட்சி முதன்முறையாகப் பத்திரம் வெளியிட்டுத் தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. 200 கோடி ரூபாய், 10 ஆண்டு, 7.97 சதவீத வட்டி. கேட்டதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன. பணம் கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியின் மழைநீர் வடிகாலுக்கு.

செய்தியில் மகிழ்ச்சி நியாயம்தான். அளவையும் பார்க்க வேண்டும். முழு அசலும் நிலுவையில் இருக்கும் வரை ஆண்டு வட்டி 15.94 கோடி. ஒவ்வொரு 100 கோடிக்கும் 13 கோடி என்று ஒன்றிய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டமான அம்ருத் ஊக்கத்தொகை தருகிறது. 200 கோடிக்கு 26 கோடி. ஒன்றரை ஆண்டு வட்டிக்குச் சற்று அதிகம். அந்த ஊக்கத்தொகையைக் கழித்துப் பார்த்தால் கடன் மலிவு. ஆனால் அதே வடிகால் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன் 25.1 கோடி டாலர், அதாவது சுமார் 2,000 கோடி ரூபாய். அதன் பக்கத்தில் 200 கோடி சிறியது. இந்தப் பத்திரத்தின் உண்மையான பலன் பணத்தைவிட ஒழுங்கில்தான் இருக்கிறது. தரமதிப்பீட்டு நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கைக் காட்ட வேண்டும். சொத்து வரி வசூல் எத்தனை சதவீதம், பழைய நிலுவை எவ்வளவு என்று வெளியே சொல்ல வேண்டும். அதற்காகவே அடிக்கடி பத்திரம் விடலாம் என்று தோன்றுகிறது.

வடிகால் டோல் வசூலிக்காது. ஆகவே இந்த வட்டியைக் கட்டப்போவதும் சொத்து வரிதான். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 63,246 கோடி ரூபாயில் மாநகராட்சிக்கு வேலையே இல்லை. அது மாநிலம், ஒன்றியம், ஜப்பானியக் கடன் என்று தனி உலகம். 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தரும் வரை பெரும்பகுதிப் பாரத்தை மாநிலம் தனியாகத் தூக்கியது.

டோல் ஏன் நகரத்துக்குள் நிலைக்கவில்லை

மதுரையில் எடுபட்ட வழி, பழைய மகாபலிபுரம் சாலையில் சிக்கியது. மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை 20 கிலோமீட்டர், ஆறு வழிச்சாலை. ஐ.டி. நிறுவனங்கள் வரட்டும் என்று அரசு நிறுவனம் கடன் வாங்கிப் போட்டு, 2008 முதல் கட்டணம் வசூலித்தது. 2011இல் சென்னையின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது பெருங்குடி, சோழிங்கநல்லூர் எல்லாம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. அங்கே குடியிருப்பவர் சொத்து வரியும் கட்டினார், பால் வாங்கப் போக டோலும் கட்டினார். மதுரையில் கட்டியது கடந்துபோகும் லாரி. இங்கே கட்டியது உள்ளூர்க்காரர். பிறகு மெட்ரோவுக்காகச் சாலை தோண்டப்பட்டது. தோண்டிய சாலைக்குக் கட்டணமா என்ற கேள்விக்கு யாரிடமும் பதிலில்லை. 2021 ஆகஸ்டில் நான்கு சாவடிகளிலும், 2023 அக்டோபரில் நாவலூரிலும் வசூல் நின்றது. வாகன எண்ணிக்கையை எவ்வளவு துல்லியமாகக் கணித்தாலும், கட்டுபவர் வாக்காளராக மாறும் நாளைக் கணிக்காத திட்டம் இப்படித்தான் முடியும்.

நிலத்திலிருந்தும் பணம் எடுக்கிறார்கள். புதிய மனைப்பிரிவில் சாலையை மனை விற்பவரே போட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். பெரிய கட்டடங்களுக்கு உட்கட்டமைப்பு, அடிப்படை வசதிக் கட்டணம் உண்டு. நகரமைப்புச் சட்டத்தில் 2007இல் சேர்த்தது. ஆனால் அது மாநில அளவிலான நிதியில் சேர்கிறது. உங்கள் தெருவில் 20 மாடி எழும்பி, சாலையின் நெரிசல் கூடினாலும், அந்தப் பணம் உங்கள் தெருவுக்கே திரும்ப வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஒரு தெருவின் எஸ்டிமேட்

இப்போது 100 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலமுள்ள ஓர் உட்புறத் தெருவை எடுத்துக்கொள்வோம். மேல்தளம் 40 மில்லிமீட்டர் தார்க்கலவை. கன அளவு 24 கனமீட்டர். கெட்டித்த பிறகு சுமார் 56 டன். அதில் தார் மட்டும் 3 டன் அளவுக்கு. அடர்த்தியைவிடக் கனம், அதாவது தளத்தின் தடிமன்தான் இங்கே பணம்: 40 மில்லிமீட்டர் என்று எழுதிவிட்டு 30 போட்டால் 14 டன் மிச்சம், அதாவது ஒரு டிப்பர் லோடு. நூறு மீட்டருக்கே இவ்வளவு. கண்ணால் பார்த்து எவராலும் இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது.

எஸ்டிமேட் அரசின் விலை விகிதப் பட்டியலின்படி போடப்படும். அதன்மேல் ஜி.எஸ்.டி. 2022 ஜூலையில் இது உள்ளாட்சிப் பணிகளுக்கு 12இலிருந்து 18 சதவீதமானது; ஒதுக்கீடு அதற்கேற்ப ஏறாவிட்டால் போடும் தெருக்கள் குறையும். நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், பிறகு 1998ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர். 2 கோடி ரூபாய் வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும்.

ஒப்பந்தக்காரர் எஸ்டிமேட்டைவிடக் குறைத்துக் கேட்பதை ‘லெஸ் போடுவது’ என்பார்கள். கொஞ்சம் லெஸ் நல்லது, போட்டி இருக்கிறது என்று பொருள். மிக அதிகமாகப் போனால் அந்தப் பணம் தளத்தின் கனத்திலிருந்தோ, தாரின் சதவீதத்திலிருந்தோ, கலவையின் சூட்டிலிருந்தோதான் திரும்ப எடுக்கப்படும். வி.ஜி.-30 வகைத் தார்க்கலவையைக் கொட்டும்போது 140 டிகிரியாவது இருக்க வேண்டும். உருளை ஓடி முடிக்கும்போது 90க்குக் கீழே போகக் கூடாது. தூரத்து ஆலையிலிருந்து மூடாமல் வந்த லோடு நெரிசலில் நின்று ஆறிப்போனால் கெட்டியாகாது, முதல் மழையிலேயே ஜல்லி உதிரும். பில் தாமதமாகும் ஊர்களில் இதற்கு நேரெதிர். ஆறு மாத வட்டியையும் சேர்த்தே விலை சொல்வார்கள், போட்டிக்கும் ஆள் குறையும்.

பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டால் செலவு குறைவு. ஆனால் ஒவ்வொரு முறையும் தெரு உயர்ந்து வீட்டு வாசல் பள்ளமாகிறது. 2021இல் தலைமைச் செயலாளர் சுரண்டிய பிறகே போட வேண்டும் என்று உத்தரவிட்டதற்குக் காரணம் இதுதான். சுரண்டும் இயந்திரத்தின் வாடகை எஸ்டிமேட்டில் சேர்ந்திருக்கும். இயந்திரம் தெருவுக்கு வந்ததா என்பது வேறு கேள்வி.

போட்ட கையோடு குடிநீர் வாரியமோ மின்வாரியமோ கேபிள் நிறுவனமோ வந்து வெட்டும். சாலை வெட்டுக்கு முன்பணம் கட்டியிருப்பார்கள். ஆனால் கட்டிய பணம் பொதுக் கணக்கில் சேர்கிறது. வெட்டிய தெருவை மூட வேறு தலைப்பில், வேறு டெண்டரில் பணம் தேட வேண்டும். இரண்டுக்கும் நடுவே அக்டோபர் வந்து மழைக்காக வேலை நிற்கும். திட்ட நிதி என்றால் மார்ச் 31க்குள் செலவழித்தாக வேண்டும் என்ற அவசரமும் சேரும். குழாய் வேலை முடியும் வரை காத்திருந்தால் ஒதுக்கீடு போய்விடும் என்று முதலில் சாலையைப் போட்டுவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது முட்டாள்தனமாகத் தெரியும். உள்ளே இருக்கும் பொறியாளருக்கு அது ஒன்றே கைக்கு எட்டிய வழி.

உங்கள் தெருவின் கணக்கைத் தெரிந்துகொள்ள வழி உண்டு. 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். கேட்க வேண்டியவை: எந்த நிதித் தலைப்பு, எஸ்டிமேட்டின் நகல், டெண்டர் எத்தனை சதவீதம் லெஸ், செய்த வேலையின் அளவுகளைப் பொறியாளர் பதியும் அளவுப் புத்தகத்தில் அந்தத் தெருவுக்கு எழுதிய பக்கங்கள், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி. 30 நாளில் பதில் வர வேண்டும். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிவதற்குள் சாலை பெயர்ந்தால் ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அவருடைய வைப்புத்தொகை அதுவரை மாநகராட்சியிடம்தான் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தின் 2(j) பிரிவு, பணியை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. சாலையில் துளை போட்டு எடுக்கும் மாதிரியின் கனத்தை ஒரு சாதாரண அளவுகோலால் அளந்துவிடலாம்.